மெல்ல மெல்லுங்கள்: சிகரெட்டை விடுகிற முதல் மூன்று மாதம்

கார்த்திகை முதல் தேதி மாலை போட்ட கையோடு லைட்டரைத் தூக்கிப் போடுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். நாளைக்குப் பதினைந்து ஊதிய ஆள் 41 நாளும் ஒன்றைக்கூடத் தொடமாட்டார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டீக்கடை வாசலில் ஒரு கையில் கிளாஸ், மறு கையில் கிங்ஸ். "இத்தனை நாள் இருந்தீங்களே, அப்படியே விட்டிருக்கலாமே" என்று வீட்டில் கேட்டால், "எங்கே விட முடியுது" என்று பதில் வரும்.

உண்மையில் அவர் விட்டுவிட்டார். ரத்தத்தில் உள்ள நிகோடின் பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரம் போதும். அது கிடைக்காததால் வருகிற எரிச்சல், தூக்கக்கேடு, எதிலும் மனசு நிற்காமை எல்லாம் முதல் நாளே தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். பசி மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கும். 41 நாளில் உடம்புக் கணக்கு தீர்ந்துவிட்டது. தீராமல் கிடந்தது டீக்கடைக் கணக்கு. கழுத்தில் மாலை இருந்தவரை யாரும் பாக்கெட்டை நீட்டவில்லை. கழற்றியதும் நீட்டினார்கள்.

ஆக, இது இரண்டு தனித்தனி வேலை. ஒன்று, சில வாரங்கள் நிகோடின் பசியைச் சமாளிப்பது. இதற்கு மருந்து இருக்கிறது. இரண்டாவது, சிகரெட்டோடு ஒட்டிக்கொண்ட இடம், நேரம், ஆட்கள். இதற்கு மருந்து கிடையாது, ஏற்பாடுதான் உண்டு. பெரும்பாலோர் முதல் வேலையை மருந்தில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறார்கள், இரண்டாவது வேலை ஒன்று இருப்பதையே யோசிப்பதில்லை. எந்த உதவியும் இல்லாமல் திடீரென்று விடுகிறவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான். மற்ற தொண்ணூற்றைந்து பேருக்கும் மனஉறுதி இல்லை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை போடாமல் உறுதியாக இரு என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் எண்ணிக்கை. "எத்தனை பிடிப்பீங்க" என்று கேட்டால் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்றில்லை, சில்லறையாக ஒன்று இரண்டு என்று வாங்குவதால் கணக்கே தெரியாது. ஜிபே வரலாற்றைத் திறந்து பெட்டிக்கடைக்குப் போன சின்னச் சின்னத் தொகைகளைப் பத்து நாளுக்குக் கூட்டிப் பாருங்கள். ஓசி தம்மையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று 20 ரூபாய் என்று வைத்தால் நாளைக்குப் பத்துக்கு 200, வருடத்துக்கு 73,000. அதைவிட முக்கியம் நேரம். மூன்று நாள் மட்டும், ஒவ்வொரு தம்முக்கும் முன்னால் போனில் மூன்று விஷயம் எழுதுங்கள்: மணி, இடம், கூட யார். மூன்றாம் நாள் பார்த்தால் பாதிக்கு மேல் ஐந்தாறு இடங்களில் வந்து விழும். காலையில் பாத்ரூம், 11 மணி டீ, சாப்பாட்டுக்குப் பிறகு, பைக்கை நிறுத்தியதும், ராத்திரி மொட்டைமாடி. இரண்டாவது வேலைக்கான வரைபடம் அதுதான்.

பின்னால் சொல்லப்போகிற நிகோடின் கம்மின் அளவை முடிவு செய்ய ஒரே கேள்வி போதும். தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் தம்? அரை மணிக்குள் என்றால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகப் பழகிவிட்டது, வலுவான அளவு வேண்டும். அரை மணிக்கு மேல் தாங்கினால் குறைந்த அளவு போதும். பீடிக்காரர்களுக்கு எண்ணிக்கையை விட இந்தக் கேள்விதான் சரி. பீடியில் தூள் கொஞ்சம்தான், ஆனால் வேகமாக இழுக்காவிட்டால் அணைந்துவிடும் என்பதால் ஒரு பீடிக்கு இழுப்பு அதிகம். "பீடிதானே, லேசு" என்பது தப்புக் கணக்கு.

ஒரேயடியாக விடுவதா, படிப்படியாகவா? பத்தை ஐந்தாக்கி, ஐந்தை மூன்றாக்கி என்று போகிறவர்கள் அந்த மூன்றை அடிவரைக்கும் ஆழமாக இழுப்பார்கள். நிகோடின் வரவு அவ்வளவாகக் குறையாது, மிச்சமிருக்கிற மூன்றுக்கும் மவுசு கூடிப்போகும். இங்கிலாந்தில் 697 பேரை வைத்துச் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்காவது வாரத்தில் புகைக்காமல் இருந்தார்கள். இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். இரண்டு கூட்டத்துக்கும் நிகோடின் மருந்தும் ஆலோசனையும் கொடுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எனவே ஒரு தேதி குறித்து அன்றோடு நிறுத்துவதே நல்லது. ஜனவரி 1 வேண்டாம், முந்தின ராத்திரியே கூத்து நடந்திருக்கும். மாசக் கடைசியில் ஆபீசில் கணக்கு முடிக்கிற வாரமும், வீட்டில் விசேஷம் இருக்கிற வாரமும் வேண்டாம். ஒன்றும் நடக்காத சப்பையான ஒரு வாரத்தின் நடுநாளே உத்தமம்.

இனி நிகோடின் கம். மருந்துக்கடையில் மட்டுமல்ல, சில பெட்டிக்கடைகளில்கூட நிகோடெக்ஸ் அட்டை தொங்கும். குறைந்த அளவான 2 மி.கி.க்கு மருந்துச்சீட்டு வேண்டாம், வலுவான 4 மி.கி.க்கு டாக்டர் எழுதித் தர வேண்டும். "அதெல்லாம் வாங்கிப் பார்த்தாச்சு, விக்கல் வந்ததுதான் மிச்சம்" என்கிறவர்கள் நிறைய. அவர்கள் எல்லோரும் செய்த தப்பு ஒன்றே: அதைப் பபிள்கம் மாதிரி மென்றிருக்கிறார்கள்.

கம்முக்குள் நிகோடின் ஒரு பிசினோடு ஒட்டி இருக்கிறது. மென்றால் பிரிந்து எச்சிலில் கலக்கும். கலந்த நிகோடின் ரத்தத்துக்குப் போக வேண்டிய வழி கன்னத்தின் உள்தோல். மளமளவென்று மென்றால் மொத்தமும் ஒரே நேரத்தில் எச்சிலில் இறங்கி, எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். வயிற்றுக்குப் போனதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே உடைத்துவிடும். மூளைக்கு ஒன்றும் போகாது, வயிற்றுக்கு எரிச்சலும் தொண்டைக்குக் காந்தலும் விக்கலும்தான் லாபம்.

சரியான முறை இது. ஒன்றை வாயில் போட்டு மெல்ல மெல்லுங்கள், பத்துப் பதினைந்து தடவை. மிளகு கடித்த மாதிரி ஒரு காரமும் நாக்கில் சுருசுருப்பும் தெரியும். தெரிந்ததும் நிறுத்துங்கள். நாக்கால் தள்ளி, கீழ்க் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்துவிடுங்கள். வெற்றிலை அடக்குகிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். ஒரு நிமிடம் போல அப்படியே இருக்கட்டும், சுருசுருப்பு அடங்கிவிடும். திரும்ப நாலைந்து மெல்லல், காரம் வந்ததும் இந்த முறை அடுத்த பக்கக் கன்னம். இப்படியே அரை மணி நேரம். மென்றாலும் காரம் எழவில்லை என்றால் சரக்கு தீர்ந்தது, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். குழந்தைகளும் நாயும் எடுக்காத இடமாகப் பார்த்து, ஏனென்றால் மென்ற கம்மிலும் நிகோடின் மிச்சம் இருக்கும்.

அடுத்தது டீ, காபி. கன்னத்தின் வழியாக நிகோடின் உள்ளே போக வாயில் புளிப்புக்கு எதிரான காரத்தன்மை வேண்டும், மிளகுக் காரம் அல்ல. கம்மிலேயே அதற்கான உப்பைச் சேர்த்திருக்கிறார்கள். காபி, சோடா, எலுமிச்சை ஜூஸ், மோர் எல்லாம் வாயைப் புளிப்பாக்கி அந்த வழியை அடைத்துவிடும். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து, அது வாயில் இருக்கிறவரை தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். டீயைக் குடித்துக்கொண்டே கம் மெல்லுகிறவர் மெல்லுவது வெறும் ரப்பர்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். சிகரெட்டை இழுத்தால் பத்து இருபது விநாடியில் நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கம்மில் அது உச்சத்துக்கு வர அரை மணி ஆகும். ஆசை வந்த பிறகு கம்மைத் தேடினால், அந்த ஆசை மூன்று நாலு நிமிடத்தில் தானாகவே போய்விடும், கம் அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கும். எனவே முன்கூட்டியே போட வேண்டும். 11 மணி டீ என்றால் 10:20-க்குக் கம். 10:50-க்குத் துப்பிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு டீக்கடைக்குப் போனால், கிளாஸைக் கையில் வாங்குகிற நேரத்தில் ரத்தத்தில் நிகோடின் ஏற்கனவே நிரம்பியிருக்கும். கை பரபரக்கும், ஆனால் உடம்பு கேட்காது. இந்த வித்தியாசத்தை ஒரு முறை உணர்ந்தவர் பிறகு கம்மைக் குறை சொல்வதில்லை.

எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு 2 மி.கி. கம்மிலிருந்து ரத்தத்துக்குப் போவது ஒரு மில்லிகிராம் போலத்தான். முதல் ஆறு வாரம் விழித்திருக்கிற நேரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு மணிக்கு ஒன்று, அதாவது நாளைக்கு ஒன்பதுக்குக் குறையாமல். 24-ஐத் தாண்டக் கூடாது. நாளைக்கு இரண்டு மென்றுவிட்டு "வேலைக்கு ஆகலை" என்று சொல்கிறவர்கள், ஆன்டிபயாடிக்கை ஒரு வேளை போட்டுவிட்டு நிறுத்துகிற ஜாதி. தலைசுற்றல், குமட்டல், படபடப்பு வந்தால் அளவு கூடிவிட்டது, இடைவெளியை நீட்டுங்கள். தாடை வலித்தால் இன்னும் வேகமாகவே மெல்லுகிறீர்கள் என்று அர்த்தம். பல்செட் வைத்திருப்பவர்களுக்குக் கம் ஒட்டிக்கொள்ளும், அவர்களுக்கு வாயில் வைத்துக் கரைக்கிற லாசெஞ்ச் தேவலை. அதையும் கடிக்கக் கூடாது.

இந்தக் கம் பிறந்த கதை கொஞ்சம் சுவாரஸ்யம். ஸ்வீடனில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குள் புகைக்க முடியாது. மாலுமிகள் சிகரெட்டை விட்டுவிட்டு, உள்ளே இருக்கிறவரை வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு சமாளிப்பதை லுண்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் கிளாஸ் லுண்ட்கிரென் கவனித்தார். 1967-ல் லியோ என்ற மருந்து கம்பெனியில் இருந்த ஓவே ஃபெர்னோவுக்கு அதை எழுதினார். ஃபெர்னோவும் சிகரெட்டை விட முடியாமல் தவித்தவர்தான். 1978-ல் சுவிட்சர்லாந்தில் மருந்தாக அனுமதி கிடைத்தது. நம் பாட்டிகள் கன்னத்தில் அடக்கிய அதே இடம்தான், புகையிலையை எடுத்துவிட்டு நிகோடினை மட்டும் வைத்தார்கள். அந்த மாற்றத்தில்தான் விஷயம் இருக்கிறது. அடிமையாக்குவது நிகோடின், ஆளைக் கொல்வது புகையில் வருகிற தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற நூற்றுக்கணக்கான சாமான்களும். "கம்மும் நிகோடின்தானே, எதுக்கு ஒரு அடிமைத்தனத்துக்கு இன்னொன்று" என்று கேட்கிறவர்கள் இந்தப் பிரிவைப் பார்ப்பதில்லை. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

தோலில் ஒட்டுகிற நிகோடின் பேட்ச் இதைவிடச் சோம்பேறிக்கு ஏற்றது. பெரிய மருந்துக்கடைகளில் கிடைக்கும். நாளைக்குப் பத்துக்கு மேல் பிடித்தவருக்கு 21 மி.கி. ஆறு வாரம், பிறகு 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். பத்தோ அதற்குக் கீழோ என்றால் 14-ல் தொடங்கி ஆறு வாரம், பிறகு 7 இரண்டு வாரம். காலையில் குளித்துத் துவட்டி, முடி இல்லாத மேல்கை, மார்பு, முதுகு எங்காவது ஒட்டி உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்த வேண்டும். நம் வெயிலில் இதற்கு எதிரி வியர்வை. பவுடர் போட்ட இடத்திலும் எண்ணெய் தேய்த்த தோலிலும் ஒட்டாது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்காரர்கள் அந்த ஒரு இடத்தைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிட்டு ஒட்டுங்கள். ஒட்டிய இடத்திலேயே ஒரு வாரத்துக்கு மறுபடி ஒட்டாதீர்கள், அரிக்கும். ராத்திரி விநோதமான கனவுகள் வந்து தொந்தரவு செய்தால் படுக்கும்போது எடுத்துவிடலாம். அப்படி எடுப்பவர்களுக்குக் காலையில் நிகோடின் வற்றியிருக்கும், எழுந்ததும் ஒரு கம். பேட்சும் கம்மும் சேர்த்துப் போடலாமா என்றால், போடலாம் என்பது மட்டுமல்ல, தனித்தனியாகப் போடுவதைவிட அதுவே நன்றாக வேலை செய்கிறது. பேட்ச் அடிமட்டத்தை நிரப்பும், அதற்கு மேல் டீ நேரம் மாதிரி எழுகிற ஆசையைக் கம் பார்த்துக்கொள்ளும்.

மாத்திரையில் முக்கியமானது வரெனிக்லின். டாக்டர் சீட்டு கட்டாயம். நிகோடின் போய் உட்காருகிற மூளை ஏற்பிகளில் இது உட்கார்ந்துகொண்டு அவற்றை அரைகுறையாக மட்டும் தூண்டும், அதனால் ஏக்கமும் குறையும், மீறிப் பிடித்தாலும் ருசிக்காது. விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, அடுத்த நான்கு நாள் 0.5 இரண்டு வேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இரண்டு வேளை, மொத்தம் 12 வாரம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். நாலு இட்லி சாப்பிட்டு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட்டால் பெரும்பாலும் பிரச்னை இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். புப்ரோபியான் என்று இன்னொரு மாத்திரையும் உண்டு. வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத சில உடம்புத் தொல்லைகள். முதலாவது காபி. சிகரெட் புகை கல்லீரலில் உள்ள ஒரு நொதியைத் தூண்டிவிட்டு காபியில் உள்ள காஃபீனைச் சீக்கிரம் கரைக்கும். புகை நின்றதும் சில நாளில் அந்த வேகம் அடங்கிவிடும். அதே மூன்று டபரா ஃபில்டர் காபி இப்போது ரத்தத்தில் இரண்டு மடங்கு போலத் தங்கும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். "சிகரெட் இல்லாததால் தூக்கம் வரலை" என்று நினைத்து நாலாம் நாள் திரும்பப் பிடித்தவர்களில் பலருக்கு உண்மையில் காபி ஓவர்டோஸ். விடுகிற அன்றிலிருந்து காபியையும் டீயையும் பாதியாக்குங்கள், மதியம் இரண்டு மணிக்குப் பிறகு வேண்டாம். இதே நொதி கரைக்கிற மருந்துகள் சில உண்டு. மனநலத்துக்கான க்ளோசபின், ஓலன்சபின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போடுகிறவர்கள் புகையை விடப்போவதை டாக்டரிடம் முன்பே சொல்லி அளவைச் சரிசெய்ய வேண்டும். இது நிகோடினால் வருவது அல்ல, புகையால் வருவது. பேட்ச் போட்டிருந்தாலும் நடக்கும். இன்சுலின் போடுகிறவர்கள் முதல் வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.

இரண்டாவது, வெளியே பேசக் கூச்சப்படுகிற விஷயம். ஒரு தம் போட்டால்தான் காலைக்கடன் முடியும் என்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். நிகோடின் குடலை அசைப்பது நிஜம், அது நின்றால் மலச்சிக்கலும் நிஜம். நாலு நாள் வயிறு கட்டிக்கொண்டதால் மட்டுமே திரும்பிப் போனவர்கள் உண்டு, கௌரவத்துக்கு டென்ஷன் என்று காரணம் சொல்வார்கள். விடும் தேதிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே ராத்திரி இஸப்கோல் இரண்டு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், கூட ஒரு வாழைப்பழம். பாத்ரூம் ஜன்னலில் இருக்கிற தீப்பெட்டியை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குடல் தானாகப் பழகும்.

முதல் இரண்டு வாரத்தில் வாய்ப்புண் வரலாம், தானாக ஆறும். இருமல் குறைவதற்குப் பதில் கூடினால் பயப்பட வேண்டாம், புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாய் மயிரிழைகள் திரும்ப வேலை செய்து சளியை மேலே தள்ளுகின்றன. ஒரு மாதம் தாண்டியும் இருமல் நிற்காவிட்டாலோ சளியில் ரத்தம் தெரிந்தாலோ டாக்டரிடம் போங்கள். எடை ஒரு வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ கூடும். முறுக்கு, மிக்சர் டப்பாவை மேசையிலிருந்து தூரத்தில் வைப்பதைத் தவிர முதல் மூன்று மாதத்தில் இதற்காக மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே நேரத்தில் பசியோடும் நிகோடினோடும் மல்லுக்கட்டினால் இரண்டிலும் தோற்பீர்கள். வாய் நமநமக்கும்போது சோம்பு, கிராம்பு, வெள்ளரிக்காய்த் துண்டு போதும்.

டீக்கடைக்கு வருவோம். ஏற்பாடு என்றால் மனசுக்குள் செய்கிற தீர்மானம் அல்ல, கை காலுக்குத் தருகிற வேலை. பெட்டிக்கடையில் பற்று இருந்தால் தீர்த்துவிட்டு, "அண்ணே, இனி நான் கேட்டாலும் தராதீங்க" என்று சொல்லிவிடுங்கள். வியாபாரம் போனாலும் முக்கால்வாசிப் பேர் தரமாட்டார்கள், இல்லாவிட்டாலும் கேட்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும். சில்லறையாக வாங்குகிறவருக்கு வீட்டில் சரக்கு இருக்காது, கடைதான் அவருக்கு அலமாரி. ஆகவே அலமாரியைப் பூட்ட வேண்டும். முதல் மூன்று வாரம் டீக்கடையை மாற்றுங்கள், கயிறோ லைட்டரோ தொங்காத கடை. முடியாதென்றால் வெளியே கூட்டத்தோடு நிற்காமல் உள்ளே பெஞ்சில் உட்காருங்கள். டீயை எப்போதும் பிடிக்கிற கைக்குப் பதில் மறு கையில், அதாவது சிகரெட் பிடித்த கையில் பிடியுங்கள். கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் கை காலியாக இருக்காது. டீ முடிந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு உடனே இடத்தைக் காலி செய்யுங்கள், அந்த ஐந்து நிமிட அரட்டையில்தான் பாக்கெட் நீளும். நீட்டினால் "விட்டாச்சுப்பா" என்பதைவிட "வாய்ல கம் இருக்கு" என்பது நல்ல பதில். முதலாவது விவாதத்தைத் தொடங்கிவைக்கும், இரண்டாவது முடித்துவைக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற ஆசைக்குப் பல் விளக்குவது நல்ல மருந்து. பைக்கை நிறுத்தியதும் வருவதற்கு, நிறுத்தும் இடத்தை மாற்றினாலே பாதி போய்விடும். குடி இருக்கிறவர்கள் முதல் ஒரு மாதமாவது கிளாஸைத் தொடாதீர்கள். இரண்டாவது ரவுண்டில் எந்த ஏற்பாடும் நிற்காது.

வேண்டாத மாற்று வழிகளையும் சொல்லிவிட வேண்டும். சிகரெட்டை விட்டு ஹான்ஸ், கூல் லிப் என்று புகையிலையை உதட்டுக்குள் வைக்கத் தொடங்குவது விடுவதே அல்ல, புற்றுநோய்க்கு நுரையீரலிலிருந்து வாய்க்கு இடம் மாற்றிக் கொடுப்பது. மூலிகை சிகரெட்டிலும் எரிவது இலைதான், தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிலும் உண்டு. இ-சிகரெட் விற்பதே இந்தியாவில் 2019 முதல் குற்றம், கள்ளத்தனமாக வருவதில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

சறுக்கினால் என்ன செய்வது? ஒரு துக்க வீட்டில் வாசல் பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது யாரோ நீட்ட, கை வாங்கிவிட்டது என்று வையுங்கள். "சரி, இன்னைக்கு ஒரு நாள்" என்று அடுத்ததைப் பற்றவைப்பதுதான் ஆபத்து. முதல் ஒன்றை விட இரண்டாவதுதான் ஆளைத் திருப்பிக் கொண்டுபோகிறது. பாதியில் அணையுங்கள், எழுந்து வேறு பக்கம் போய் உட்காருங்கள். கையில் பேட்ச் இருந்தால் பயந்து கழற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும். கம்மையும் நிறுத்தாதீர்கள். சறுக்கிய அன்று ராத்திரி, எந்த நேரம், எந்த இடம், யார் என்று பழைய கணக்கில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு ஏற்பாடு இல்லாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். தேதியை மாற்றி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறவர்களை நான் ஏற்பதில்லை. 20 நாளில் உடம்பு இறக்கிய கடன் ஒரு தம்மில் திரும்ப ஏறிவிடாது.

இன்னொரு ஆள் கூட இருந்தால் நல்லது. 1800-11-2356 என்பது புகையிலையை விட உதவுகிற மத்திய அரசின் இலவச எண். தமிழில் பேச பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தேதி குறிக்க உதவி, பிறகு சில முறை அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள். 2018 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் இந்த எண் அச்சாகிறது. ஒன்று இரண்டாக வாங்குகிறவர்கள் பெட்டியையே பார்ப்பதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். பல அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் புகையிலை நிறுத்தும் மையங்கள் உண்டு, வெளிநோயாளிச் சீட்டு வாங்கும் இடத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் விட்டு என்ன ஆகப் போகிறது என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் டால் பிரிட்டனில் டாக்டர்களையே 1951-லிருந்து ஐம்பது வருடம் பின்தொடர்ந்து எண்ணினார். தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் ஏறக்குறைய முழுசாகத் திரும்பக் கிடைத்தது, 40-ல் விட்டால் ஒன்பது, 50-ல் ஆறு, 60-ல் விட்டால்கூட மூன்று.

ஆறு வாரம் தாண்டியதும் கம்மைக் குறைக்கத் தொடங்குங்கள். ஏழிலிருந்து ஒன்பதாவது வாரம் வரை இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, பத்திலிருந்து பன்னிரண்டு வரை நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று. குறைக்கும்போது 11 மணி டீக்கு முன்னால் போடுவதைக் கடைசியாக நிறுத்துங்கள், மொட்டைமாடிக் கம்மை முதலில். நிறுத்திய பிறகும் ஒரு அட்டையை வீட்டிலேயே வைத்திருங்கள். கல்யாண வீடு, காரியம், பழைய ஹாஸ்டல் கூட்டாளிகள் கூடுகிற நாள் என்றால் அதிலிருந்து இரண்டைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். முன்பு லைட்டர் இருந்த அதே பையில்.